மங்கிக் குல்லாவுக்கு எடுத்த ஆரத்தி

ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் ஜன்னலைத் திறந்து மேகம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். எதிர்ச் சரிவில் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அடி முதல் நுனி வரை தெரிந்தன. டைரியில் ‘தெளிவு’ என்று எழுதினேன். பால் காய்ச்சினேன். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவர் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், துணி துவைத்து உள்ளேயே கொடியில் போட்டேன். குன்னூரில் வெயிலை நம்பித் துணியை வெளியே போடுகிறவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள்.

பிறகு கடையைத் திறந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழே, சாலை வளைகிற இடத்தில் என் மருந்துக்கடை. இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் குளிர் அளவைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு தட்டு மருந்துக்குக் காலாவதித் தேதி பார்ப்பது என் வழக்கம். செவ்வாய்க்கிழமை இருமல் மருந்துத் தட்டு. முடியப்போகிற பாட்டில்களை முன்வரிசைக்கு நகர்த்தி, முடிந்துபோனவற்றைத் தனி அட்டைப் பெட்டியில் போட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. எங்கள் தொகுதியில் போட்டி கடுமை என்று எல்லா டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்றார்கள். ஒருவரைப் பார்த்து நீ முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவருடைய நடை மாறிவிடும். எங்கள் லைன் வீடுகளில் எல்லோருடைய நடையும் மாறியிருந்தது.

மருந்துக்கடைக் கவுன்ட்டருக்கு ஒரு குணம் உண்டு. வேறெங்கும் சொல்லாததை அதன்மேல் குனிந்து சொல்வார்கள். மூலத்துக்குக் களிம்பு கேட்கும் அதே குரலில் ஓட்டு யாருக்கு என்பதையும் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் வரும் பெரியவர் அன்று காலையும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “யாருகிட்டயும் சொல்லீராதீங்க. இந்தத் தடவை மாத்திப் போடறதுன்னு முடிவு பண்ணீட்டனுங்க” என்றார். சென்ற தேர்தலுக்கும் அதற்கு முந்தைய தேர்தலுக்கும் இதையேதான் சொன்னார். மாத்திரையையும் அவர் இப்படித்தான், மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பழையதையே வாங்கிப்போவார்.

தைலம் வாங்க வந்த ஒரு பெண்மணி, “எங்கூட்டுக்காரரு எதுக்குப் போடச் சொல்றாரோ அதுக்குப் போடமாட்டனுங்க. அவரு கூட வரமுடியாத இடம் அது ஒண்ணுதானுங்களே” என்றார். அவருடைய கணவர் கொஞ்ச நேரம் கழித்து வந்து, மனைவி தன் சொல்லைத் தட்டியதே இல்லை என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார். வறுக்கி சுடும் பேக்கரிக்காரர் கொள்கையே வைத்திருந்தார். “ஜெயிக்கறவங்களுக்குத்தானுங்க போடுவேன். தோக்கறவங்களுக்குப் போட்டு ஓட்ட வீணாக்கச் சொல்றீங்களா?” ஜெயிப்பது யார் என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் கேட்டதைப் பால்காரரிடமும் கேட்டார். பால்காரர் அதையே தெரிந்துகொள்ள பேக்கரிக்குப் போயிருந்தார். கடும் போட்டி என்பது வேறொன்றுமில்லை, எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என்று எனக்குத் தோன்றியது.

என் கணவரை மட்டும் விட்டுவைப்பது நியாயமில்லை. “யாரு வந்தாலும் ஒண்ணுதான்” என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறவர், வாக்குப்பதிவு அன்று இஸ்திரி போட்ட சட்டையுடன் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்.

இதிலெல்லாம் ஒருவருக்கு மட்டும் உண்மையாகவே ஏதோ ஒன்று நடந்தாக வேண்டியிருந்தது. அவள் எங்கள் லைனின் கடைசி வீட்டில் இருக்கும் தையல்காரி.

எங்கள் லைன் என்பது சாலையிலிருந்து கீழே இறங்கும் படிகளின் இருபுறமும் உள்ள வீடுகள். கடைசி வீட்டின் பின்னால் செங்குத்தாக மண்மேடு. அதைத் தாங்கி நின்ற தடுப்புச் சுவர் போன ஐப்பசி மழையில் பாதி சரிந்துவிட்டது. மீதிப் பாதி, வயிறு முன்தள்ளியதுபோல் நிற்கிறது. இடைவெளியை மணல் மூட்டைகளால் அடைத்திருக்கிறார்கள். மேட்டை ஒட்டிய பின்னறையில்தான் அவளுடைய தையல் மெஷின். ஜூனில் பள்ளி திறக்கும். ஏப்ரலும் மேயும்தான் அவளுக்கு வருமானம். அந்த அறையில் சீருடைத் துணிக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கணவன் திருப்பூரில் வேலை. ஊருக்கு வந்தால் உண்டு.

அறையின் சுவரில் விரிசல் விட்டபோது அவள் என் கடைக்கு வந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கிப் போனாள். விரிசலின் குறுக்கே ஒட்டிவைத்தாள். பிளாஸ்திரி கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். முதலில் ஒன்று வாங்கினாள். பிறகு சுருளாகவே வாங்க ஆரம்பித்தாள்.

“நல்ல கெட்டியான பிளாஸ்திரியாக் குடுங்கக்கா” என்பாள்.

“கெட்டியா ஒட்டுனா சுவரு நின்னுருமா?” என்பேன்.

“அது நிக்காது. கிழியறதாச்சும் லேட்டா கிழியட்டும்.”

லைனுக்கு ஒரு நலச்சங்கம் உண்டு. அதன் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். சுவருக்காக அவர் எல்லா அலுவலகங்களுக்கும் மனு எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் ரசீதும் வைத்திருந்தார். சுவர் மட்டும் வரவில்லை. தேர்தல் அறிவித்ததும் அவருக்குப் புது உற்சாகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வருடப் பிறப்புப் பாயசம் குடித்த கையோடு, என் கடைப் படியில் கூட்டம் போட்டார்.

கறுப்புக் கொடி கட்டித் தேர்தலைப் புறக்கணிக்கலாம் என்றார் ஒருவர். தலைவர் கையை உதறினார். “கறுப்புக் கொடி கட்டுனா ஆபீசருங்க வருவாங்க, பேசுவாங்க, டீ குடிச்சிட்டுப் போவாங்க. அதெல்லாம் பழைய முறைங்க. போட்டி இழுபறி. நம்ம லைன் ஓட்டு இன்னைக்குத் தங்கம். வேட்பாளரையே இங்க நிறுத்தி, ஆரத்தி எடுத்து, சால்வை போத்தி, கையோட மனுவையும் நீட்டுனா, அத்தனை பொம்பளைங்க முன்னாடி அவரால முடியாதுன்னு சொல்ல முடியுமா?”

யாரை நிறுத்துவது என்பதில் அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு ஒருவரை முடிவு செய்திருந்தார். கட்சிப் பெயர்களை நான் டைரியில் எழுதுவதில்லை. ஆகவே நாங்கள் கூப்பிட்ட அவரை ‘அழைத்தவர்’ என்றும், எதிர்த்து நின்றவரை ‘அழைக்காதவர்’ என்றும் குறிப்பிடுகிறேன். அழைத்தவரின் கட்சிக்கு எங்கள் பகுதிப் பொறுப்பாளர், மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு வண்டி வளைவில் நிற்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

சுவரைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. ஆரத்தித் தட்டில் வேட்பாளர் ஏதாவது போட்டால் வாங்குவதா என்ற பேச்சு அதைவிட நீளமாக நடந்தது. நாம் மானமுள்ளவர்கள், வாங்கக் கூடாது என்று ஏகமனதாக முடிவானது. தானாக விழுந்தால் எடுத்துத் திருப்பிக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பதும் ஏகமனதாகவே முடிவானது.

செவ்வாய் மதியம் வரை வானம் நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு மழை. அது நின்றதும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து சாலையில் உட்கார்ந்தது. கடைக்குள்ளிருந்து பார்த்தால் எதிர்ப்புறத் தந்திக் கம்பம் தெரியவில்லை. பெண்கள் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். தட்டைத் தையல்காரியிடம் கொடுத்திருந்தார்கள். சுவர் அவளுடையது என்பதால் சூடமும் அவளே பிடிக்க வேண்டுமாம். சூடம் என் கடையிலிருந்து போனது.

இந்த வளைவில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலே ஆஸ்பத்திரி இருப்பதால் பிரச்சார வண்டிகள் இங்கே வரும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிடும். வேறு எந்த இடமாக இருந்தாலும் இரண்டு வளைவுக்கு முன்னாலேயே பாட்டைக் கேட்டு, வருவது யார் என்று சொல்லிவிடலாம். இங்கே ஊமையாகத்தான் வருவார்கள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, மேகத்துக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. பின்னால் இன்னும் சில விளக்குகள். தலைவர் சால்வையை விரித்துப் பிடித்தபடி சாலை நடுவில் போய் நின்றுவிட்டார். திறந்த ஜீப் நின்றது. மேலே நின்றவர் கழுத்து வரை ஜிப் இழுத்த ஜெர்க்கின் போட்டிருந்தார். தலையில் மங்கிக் குல்லா. அதற்கு மேல் மஃப்ளர். கண்ணும் மூக்கும்தான் வெளியே இருந்தன. சமவெளியிலிருந்து மலையேறி வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். கட்சித் துண்டு ஜெர்க்கினுக்குள் போய்விட்டது. கரை வேட்டி ஜீப்பின் தடுப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கொடிகள் நனைந்து கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மலையில் இருக்கும் நாங்களாவது கொடியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். மங்கிக் குல்லாவுக்குச் சின்னம் கிடையாது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஈரத்தில் சூடம் பிடிக்கவில்லை. தையல்காரி குனிந்து, உள்ளங்கையால் காற்றை மறைத்து, ஒருவழியாகப் பற்றவைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் ஜீப்பின் பக்கவாட்டில் ஏறி, குல்லாவுக்கு மேலாகவே சால்வையைப் போர்த்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்துக்கும் கேட்கும்படி பேசினார்.

“ஐயா, எங்க லைன் பூராவும் உங்க பக்கந்தானுங்க. உங்களை எதுத்து நிக்கறாரே, அவரெல்லாம் ஓட்டுக்கு மட்டும் மலையேறுற ஆளுங்க. இந்த ரோட்டுல எத்தனை கொண்டை ஊசி வளைவுன்னு கேட்டா முழிப்பாரு. எங்க லைன்ல அவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்துச்சுன்னா, நான் சங்கத் தலைவர் பதவியவே விட்டர்றேனுங்க!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றபடி, நடுத்தரமாக.

ஜீப்பில் நின்றவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. டிரைவர் மட்டும் இருமினார். “ரொம்பச் சரியாச் சொன்னீங்க” என்றார் அவர், குல்லாவுக்குள்ளிருந்து. தலைவர் மனுவை நீட்டி, அது தடுப்புச் சுவர் விஷயம் என்றார். ஜீப்பில் நின்றவர் மனுவின் மேற்பகுதியைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். “சுவருதானே? வந்ததும் மொத வேலை அதுதான்” என்றார். அவர் தயங்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்த நிமிடத்தில் அவர்மீது எனக்கு வந்த மரியாதை அந்த வாரம் முழுவதும் வேறு எந்த அரசியல்வாதிமீதும் வரவில்லை.

ஜீப் நகர்ந்தது. வளைவில் திரும்பும்போது கீழேயிருந்து ஒரு காற்று வந்து கொடியை விரித்தது.

யாரோ ஒரு பெண், “ஏனுங்க, இது எதுத்து நிக்கறவங்க கொடியாட்ட இருக்குதுங்களே” என்றார்.

தையல்காரி கையில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “இதை அணைக்கறதாக்கா, விடறதா?” என்று என்னைக் கேட்டாள்.

தலைவர், “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றார்.

அந்தச் சந்தேகத்துடன் அவர் பேசிய பேச்சை அவருடைய மனைவி செல்போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டிருந்தார். வேட்பாளருக்குத் தன் கணவர் சால்வை போர்த்துவதை உறவுக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? உறவில் ஒருவர் அதைத் தன் குழுவில் போட்டார். அதற்கு மேல் அது எப்படி ஏறியது, எந்த வளைவில் திரும்பியது என்று எனக்குத் தெரியாது. அழைத்தவர் எங்கள் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அது அவர் ஜீப்புக்குள் போய்விட்டது.

அவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். எங்களிடம் சால்வை இல்லை. தலைவர் தான் போர்த்தியிருந்த சொந்தச் சால்வையை அதற்குப் பதிலாகக் கழற்றி வைத்திருந்தார். அதில் அந்துருண்டை வாசனை. மனுவுக்கு நகல் இல்லை. எல்லாவற்றுக்கும் ரசீது வைக்கிறவர் இதற்கு மட்டும் நகல் வைக்கவில்லை. இரண்டாவது சூடமும் என் கடையிலிருந்தே போனது. இந்த ஜீப்பிலும் மங்கிக் குல்லாதான். எனவே தலைவர் இந்த முறை எச்சரிக்கையாக, முதலில் கொடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னார். அது அங்கே நின்ற யாருக்கும் நல்ல வரவேற்பாகப் படவில்லை.

அழைத்தவர் இறங்கவில்லை. “இப்பத்தான் எடுத்தீங்க போல இருக்குதே. ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா கையை வலிக்க வைப்பீங்க?” என்று தையல்காரியிடம் மட்டும் சொன்னார். ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் காய்கறிக் கடைக்காரர் நேராக என் கடைக்கு வந்தார். கோபத்தில் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

“மெடிக்கல் அக்கா, நீங்க படிச்சவங்க. மாத்திரையில இத்தனூண்டு எழுத்தப் படிச்சுக் குடுக்கறீங்க. அவ்ளோ பெரிய ஆளப் பார்த்து யாருன்னு தெரியலீங்களா?”

“அட்டையில பேரு போட்டிருந்தாப் படிச்சிருப்பனுங்க. குல்லா போட்டிருந்தாரு” என்றேன்.

“எங்க அண்ணன் எவ்ளோ வருத்தப்பட்டாரு தெரியுங்களா? கோத்தகிரிப் பக்கம் பூக் கொட்டுனாங்க. இங்க வந்து பாச்சா உருண்டை வாசம்!”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைக்காதவரின் கட்சிப் பொறுப்பாளர் வந்து சேர்ந்தார். அவர் எலக்ட்ரீசியன். எங்கள் லைனில் எல்லா வீட்டு மீட்டரும் அவருக்குப் பழக்கம். அவர் முகம் மலர்ந்திருந்தது. “என்னதான் இருந்தாலும் மொத ஆரத்தி எங்களுக்குத்தானுங்களே” என்றார். பேச்சைப் பற்றி அவர்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லையாம். எங்கள் மனுவையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். “இது அவங்க பேருக்கு எழுதியிருக்குதுங்க. எங்க அண்ணன் பேரு போட்டு மாத்தி எழுதிக் குடுத்தீங்கன்னா, ஃபைலுக்குச் சரியா இருக்கும்.”

காய்கறிக் கடைக்காரர் மனுவைப் பிடுங்கப் பார்த்தார். “எங்களுக்கு எழுதுன மனு எங்களுக்கு வரணும்.”

“ஆரத்தி எங்களுக்கு, மனு உங்களுக்கா? நல்ல கதைங்களே.”

தலைவரும் வந்துவிட்டார். லைனே என் கடை முன்னால் கூடிவிட்டது. தவறு யாருடையது என்று விசாரணை தொடங்கியது. தலைவர் பதவி விலக வேண்டும் என்றார் ஒருவர். அழைக்காதவருக்கு ஓட்டு விழுந்தால்தான் விலகுவதாகச் சொன்னேன், இன்னும் வாக்குப்பதிவே நடக்கவில்லை என்றார் தலைவர். சூடம் முதலில் பிடிக்காதது ஒரு சகுனம் என்றார் இன்னொருவர். ஒலிபெருக்கியை நிறுத்தியதால் ஆஸ்பத்திரியின் மீது தவறு என்றும் ஒரு கட்சி இருந்தது. இரண்டு பொறுப்பாளர்களும் மாறி மாறி, எங்கள் ஆள் வந்தால் சுவர் நிச்சயம் என்றார்கள். இப்போதே நாலு மூட்டை மணலாவது போட முடியுமா என்று நான் கேட்டேன். “தேர்தல் விதி இருக்குதுங்களே” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

இருட்டுகிற நேரத்தில் இடி இடித்தது. கோடை மழை, பிடித்தது பெரிதாக. கூட்டம் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நெருங்கி நின்று வாதத்தைத் தொடர்ந்தது. தையல்காரி எப்போதோ கீழே போயிருந்தாள். அவள் படியேறி வந்தபோது முழங்கால் வரை சேறு.

“அக்கா, மண்ணு உள்ள வந்திருச்சு” என்றாள்.

மணல் மூட்டைகள் சரிந்து, பின்னறைச் சுவரின் அடிப்பகுதி வழியாகச் சேறு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுகளின் அடிவரிசை நனைய ஆரம்பித்துவிட்டது. மெஷினைத் தனியாக இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். துணியைத் தூக்க அவளால் ஆகவில்லை. அத்தனையும் பள்ளிப் பிள்ளைகளின் துணி. நனைந்து சாயம் ஏறினால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் அவளிடம் தைக்கக் கொடுக்காது.

தலைவர் உடனே தீர்வு சொன்னார். “கவலைப்படாதம்மா. நாளைக்குக் காலையில மொத வேலையா ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் புது மனு எழுதிடறேன்.”

என் கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. “துணிய அங்க கொண்டாந்து போடு” என்றேன். அவள் உடனே திரும்பிப் படியிறங்கினாள். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. மழை என்பதால் அல்ல. இந்த ஊரில் மழைக்கு யாரும் நிற்பதில்லை. வாதம் பாதியில் இருந்தது.

முதலில் அசைந்தவர் எலக்ட்ரீசியன். அவளுக்குப் பின்னாலேயே ஓடி, ஒரு கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிவந்தார். கடை விளக்குக்குக் கீழே வந்ததும் நின்று, கூட வந்த கட்சிக்காரரிடம், “ஒரு போட்டோ எடுங்க. மண்ணு தெரியற மாதிரி எடுங்க” என்றார். காய்கறிக் கடைக்காரர் இதைப் பார்த்தார். முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. இறங்கிப்போய் இரண்டு கட்டுகளைச் சேர்த்துத் தூக்கிவந்து, அதே விளக்குக்குக் கீழே நின்றார். அவருக்கும் போட்டோ எடுத்தார்கள். எலக்ட்ரீசியன் மறுபடி இறங்கினார். இவர் கட்சி ஆட்கள் வந்தார்கள், அவர் கட்சி ஆட்கள் வந்தார்கள். யார் ஒரு நடை அதிகம் என்று படியில் முட்டிமோதிக்கொண்டு ஏறினார்கள். டீ ஆறுவதற்குள் அறை முழுவதும் துணி என் கடைக்குப் பின்னால் வந்துவிட்டது. கடும் போட்டியால் மக்களுக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் சொல்ல இனி என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது.

துணி தீர்ந்ததும் மெஷின் மிச்சம் இருந்தது. கால்மிதி வைத்த பழைய இரும்பு மெஷின். “அதையும் ஒரு கை பிடிச்சர்றீங்களா?” என்று கேட்டேன். போட்டோ எடுப்பவர் போய்விட்டிருந்தார். “காலையில பார்த்துக்கலாமுங்க, மழை ஜாஸ்தியா இருக்குது” என்றார்கள் இருவரும். அதற்கு முன்னால் பெய்தது வேறு மழை போலிருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு நானும் தையல்காரியும் அடிவரிசைக் கட்டுகளைப் பிரித்து, ஈரத் துணிகளை மருந்துப் பெட்டிகளின் மேல் விரித்தோம். அவள் அந்த அறையிலேயே படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. விரித்துக்கொண்டே கேட்டேன்.

“இத்தனை கூத்தும் பார்த்தாச்சு. வெள்ளிக்கெழமை நீ யாருக்குப் போடப்போற?”

“அதுலென்னக்கா யோசிக்க? எப்பவும் போடறதுக்குத்தான்.” அவள் பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். “இங்க வந்து வருசக்கணக்கா அப்பாவுக்கு ஓட்டே இல்ல. மொதல்ல ஓட்டு வந்தப்ப எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் வெளிய நிக்க வெச்சுட்டு உள்ள போனாரு. அவரு போட்ட சின்னத்துக்குத்தான் நானும் போடறேன்.”

அவள் எந்தச் சின்னம் என்று சொன்னாள். எனக்குக் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. “அந்தச் சின்னம் இந்தத் தடவை இங்க நிக்கவே இல்லம்மா. கூட்டணியில தொகுதிய வேற கட்சிக்குக் குடுத்துட்டாங்க.”

“அப்படியாக்கா?” ஒரு பாவாடைத் துணியை உதறி விரித்தாள். “அப்ப ஓட்டு மெஷின்ல போய் எதைத் தேடறது?”

“சுவரு கட்டறவங்களைத் தேடு.”

“அப்படி ஒரு பட்டன் இருக்குதா?” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க யாருக்குக்கா?” என்று கேட்டாள்.

நான் அடுத்த ஈரத் துணியை எடுத்து உதறினேன். இருபத்தோரு வயதில் ஒரு சின்னத்தை முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள். தட்டு தட்டாக மருந்துகளுக்குக் காலாவதித் தேதி பார்க்கிறவள், அதை மட்டும் ஒருமுறைகூட எடுத்துத் திருப்பிப் பார்த்ததில்லை. சர்க்கரை மாத்திரைப் பெரியவர் மாற்றப்போவதாகச் சொல்லவாவது செய்கிறார்.

புதன்கிழமை விடிந்ததும் நான், என் கணவர், தையல்காரி மூன்று பேரும் முதல் வேலையாகக் கீழே போய் மெஷினைத் தூக்கினோம். பின்னறையின் கதவு சேற்றில் பாதி புதைந்து, திறக்கவில்லை. அவள் அதைத் தள்ளிப் பார்க்கவும் இல்லை. படிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, என் மருந்து அறையின் ஜன்னலோரம் வைத்தோம். அவள் சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டாள். தலைவர் அப்போதுதான் இரண்டு புது மனுக்களுடன் கையெழுத்துக்காக வாசலில் வந்து நின்றார்.

“அங்க வைங்கய்யா” என்றாள் அவள், நூலைக் கோத்தபடியே. “இந்தப் பாவாடைக்கு மடிப்பு அடிச்சிட்டு வர்றேன்.”